சந்தேகம்னா நீலக் கூடை

நாச்சிமுத்து காம்பவுண்டில் பதினோரு வீடு, ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குழாயடிக்கு வந்தவர்கள் எல்லார் உடம்பிலும் ஆளுக்கு ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது, அதைப் பார்த்து யாரும் அலறவில்லை, ஏனென்றால் அந்த அம்பு எல்லாருக்கும் பழக்கம், பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்கள் பீஸில் எங்கே பழுதோ அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவார்களே, அதே அரைவிரல் நீள ஸ்டிக்கர், அதே சிவப்பு, அதே மழமழப்பு. அயர்ன் போடுகிற இசக்கிக்கு முட்டியில் இருந்தது. பண்டல் கட்டுகிற அமராவதிக்குத் தோள்பட்டையில். காம்பவுண்டு ஓனர் நாச்சிமுத்து நெஞ்சுக்கு மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு மோட்டார் போட வந்தார், துண்டுக்கு மேலேயே இன்னொரு அம்பு வந்து ஒட்டியிருந்தது. அதையும் யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

செக்கிங் டேபிளில் நிற்கிற செல்வியிடம் இசக்கிதான் முதலில் கேட்டான். "ஏட்டி செல்வி, கம்பெனி ஸ்டிக்கர் ரோல வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"ரோலு சூப்பர்வைசர் டிராயர்ல கெடக்கு. நான் எதுக்கு உங்க முட்டியில வந்து ஒட்டப்போறேன்?"

"அப்ப எவன் ஒட்டுனான்?"

"எவனாச்சும் ஒட்டியிருப்பான். தண்ணி நிக்கப் போகுது, குடத்த எடுங்கண்ணே."

அவ்வளவுதான். குடத்தை எடுத்தார்கள். உரித்துப் பார்த்தவர்களுக்குத் தோலும் சேர்ந்து வந்தது, மறுநாள் காலையில் அதே இடத்தில் புது அம்பு இருந்தது, அதனால் உரிப்பதை விட்டுவிட்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் திருப்பூர் முழுக்க வந்துவிட்டது. பஸ்ஸில் கண்டக்டருக்குக் கெண்டைக்காலில் இருந்தது, டிக்கெட் கிழித்தபடியே சொறிந்துகொண்டார். போட்டோ ஸ்டுடியோவில் அம்பை அழித்துத் தருவதாகப் போர்டு வைத்தார்கள். பிளவுஸ் தைக்கிறவர்கள் அளவு எடுக்கும்போது அம்பு எங்கே என்று கேட்டுக் கழுத்தை ஏற்றியும் இறக்கியும் வெட்டினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடிப்பதற்கு முன்பே அம்பைக் காட்டச் சொன்னார்கள். கடைசி வீட்டு வேலுச்சாமிக்கு வலது விலாவுக்குக் கீழே ஈரலைப் பார்த்து ஒட்டியிருந்தது, அவர் சட்டையைத் தூக்கிக் காட்டி, "டாக்டரு ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. இனி எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் குடிக்கப் போனார்.

மாரிச்செல்விக்கு மட்டும் அம்பு இல்லை. கை, கால், முகம், வயிறு எல்லாம் கண்ணாடியில் பார்த்தாள், எங்கேயும் இல்லை. செக்கிங்காரிக்கு எதற்கு அம்பு என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், அவளும் விட்டுவிட்டாள். அவளுக்குப் பதினேழு வயசு, பத்தாவதில் இங்கிலீஷில் ஃபெயில், திரும்ப எழுதப் போகவில்லை, போகாததற்கு அழவும் இல்லை. அம்மா செல்லத்தாய் அதே கம்பெனியில் பிசிர் வெட்டினாள், அதாவது தைத்து வந்த பனியனில் தொங்குகிற நூலையெல்லாம் கத்திரியால் நறுக்குகிற வேலை. அப்பா செத்து ஆறு வருசம். அக்கா கோமதியை அவினாசி ரோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அவ்வளவுதான் குடும்பம்.

அம்பு எங்கே என்பது முதல் வாரத்துக் கேள்வி. இரண்டாவது வாரம் கேள்வி மாறிவிட்டது. டிஃபெக்ட்டா, டேமேஜா?

போன தை மாதம் வரைக்கும் கம்பெனியில் பழுது என்றால் எல்லாம் டேமேஜ்தான். ஓட்டை இருந்தாலும் டேமேஜ், கறை இருந்தாலும் டேமேஜ், கை ஒன்று நீளமாக இருந்தாலும் டேமேஜ், யாரும் வித்தியாசம் பார்த்ததில்லை. பிறகு புதுசாகப் பனியன் வாங்குகிற ஒரு வெளிநாட்டுப் பையர் வந்தார், அவர் சார்பில் வெள்ளை ஷூ போட்ட ஒரு மேடம் வந்து இரண்டும் ஒன்று இல்லை என்று சொல்லி, டேபிளுக்கு ஒரு நீலக் கூடையும் ஒரு சிவப்புக் கூடையும் வைத்துவிட்டுப் போனாள். நூலிலேயே, துணியிலேயே, தையலிலேயே வந்த பழுது டிஃபெக்ட், அது நீலம். நல்ல பீஸாக வந்ததை யாரோ கெடுத்தது டேமேஜ், அது சிவப்பு. செல்வி வீட்டுக்கு வந்து பழைய பள்ளிக்கூடப் பையிலிருந்து டிக்சனரியை எடுத்துப் பார்த்தாள். ஒன்றுக்குக் குறை, பழுது என்று போட்டிருந்தது, இன்னொன்றுக்குச் சேதம், பழுது என்று போட்டிருந்தது. இரண்டிலும் பழுது இருந்தது. அதை எழுதினவன் செக்கிங் டேபிளில் ஒருநாள் நின்றிருக்க மாட்டான் என்று மூடி வைத்துவிட்டாள். டேபிளில் நின்றால் தெரியும். பின்னும்போதே விட்டுப்போன ஓட்டையில் நூல் வளைந்து திரும்பியிருக்கும், கத்திரி பட்ட ஓட்டையில் நூல் அறுந்து நுனி நீட்டிக்கொண்டிருக்கும், பீஸை உள்பக்கம் திருப்பி லைட்டுக்கு நேராகப் பிடித்தால் குருடனுக்கும் தெரியும்.

தெரியாததும் உண்டு. நூல் மில்லிலிருந்தே மெலிசாக வந்திருக்கும், ஆனாலும் தாங்கியிருக்கும், அயர்ன் போடுகிறவன் ஒரு இழுப்பு இழுத்திருப்பான், கிழிந்துவிடும். இது எந்தக் கூடை? செல்வி முதல் வாரமே சூப்பர்வைசர் தனபாலிடம் கேட்டாள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சந்தேகம்னா நீலத்துல போடு கண்ணு. சிவப்புல போட்டா யாரு கைன்னு கேப்பாங்க. கடைசியாத் தொட்டது உன்ற கைதானே?"

அது நிஜம். சிவப்புக் கூடை நிறைந்தால் கை தேடுவார்கள். கண்டுபிடித்தால் அந்தக் கையை அந்த டேபிளை விட்டு மாற்றிவிடுவார்கள், கெட்டுப்போன பீஸை அந்தக் கையில் மறுபடி கொடுக்கவே மாட்டார்கள், அது மேடம் சுவரில் ஒட்டிவிட்டுப் போன ரூல். அதனால் எல்லா டேபிளிலும் நீலக் கூடை வழிந்தது, சிவப்புக் கூடையில் பெண்கள் டிபன் பாக்ஸ் வைத்தார்கள்.

இந்த வழக்கத்தைத்தான் செல்வி காம்பவுண்டுக்கும் கொண்டுவந்தாள், யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை, கை பழகிவிட்டது. முதலில் வந்தது மூன்றாம் வீட்டு மாறுகண் பையனின் அம்மா. செல்வி அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிஃபெக்ட்" என்றாள். "நான் எதுவும் செய்யலையே?" "நீங்க செய்யல. வரும்போதே அப்படித்தான்." அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள், போகும்போது நடை லேசாக இருந்தது. பிறகு வரிசை கட்டினார்கள். இசக்கி முட்டி, டிஃபெக்ட். அமராவதி தோள்பட்டை, டிஃபெக்ட். பக்கத்துக் காம்பவுண்டிலிருந்து ஒருத்தி கீழுதட்டில் அம்போடு வந்தாள், உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது, பின்னாலேயே அவள் புருசன் நின்றான், செல்வி ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, சந்தேகம்தான், டிஃபெக்ட் என்றாள். அந்தப் பெண் முந்தானையால் உதட்டை மூடிக்கொண்டாள். புருசன் செல்விக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

அம்மாவுக்கு இடுப்பில் இருந்தது. அம்மா கேட்கவில்லை, செல்வியே பார்த்துச் சொன்னாள், டிஃபெக்ட் என்று. "சரி" என்றாள் அம்மா, அரிசி களையப் போய்விட்டாள்.

டிஃபெக்ட் என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரவில்லை, அதுதான் விசயம். வரும்போதே அப்படித்தான் என்றால் கேட்க ஆள் இல்லை, அடிக்க ஆள் இல்லை. இரண்டு மாதம் காம்பவுண்டில் ஒரு சண்டை இல்லை, குழாயடியில்கூட இல்லை, எல்லாரும் அவரவர் அம்போடு வந்து தண்ணி பிடித்து அவரவர் அம்போடு போனார்கள், பேச்சுக் குறைந்தது, சிரிப்பும் குறைந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. "ரொம்ப நிம்மதியா இருக்குதுங்க அம்மிணி" என்றார் நாச்சிமுத்து, துண்டுக்கு மேலே இருந்த அம்பைத் தடவியபடி. செல்விக்கு நிம்மதியாகவும் இல்லை, நிம்மதி இல்லாமலும் இல்லை. ஒன்றும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா கோமதி இரண்டு வயசுப் பிள்ளை யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இடது காதுக்கு முன்னால், கன்னத்தில் கிடந்தபடி, காது ஓட்டையைப் பார்த்து அம்பு.

"என்னக்கா?" என்று செல்வி இடது பக்கம் நின்று கேட்டாள். கோமதி திரும்பவில்லை.

நடந்தது ஒரு வரிதான். புருசன் பரமேஸ் அறைந்திருக்கிறான், அதிலிருந்து அந்தக் காது கேட்கவில்லை. எதற்கு அறைந்தான் என்பதற்குக் கோமதி, குழம்பில் உப்பு என்றாள், பிறகு, இல்லை, அது அதற்கு முந்தின தடவை என்றாள். ஆனால் அந்தக் காது சின்ன வயசிலிருந்தே சரியில்லாத காது. மழை பெய்தால் சீழ் வடியும், பஞ்சு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், ஊரெல்லாம் தெரியும். பரமேஸ் வீட்டுக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டைக் காதை மறைத்துக் கட்டிவைத்துவிட்டீர்கள், டிஃபெக்ட் பீஸ், எங்களுக்கு வேண்டாம், பிள்ளையை மட்டும் கொடுங்கள், பையனுக்கு வேறு பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பேச வருவதாகவும், செக்கிங்காரி சொல்லுக்குக் கட்டுப்படுவதாகவும் சொன்னார்கள்.

"தங்கச்சி வாயாலயே கேக்கணுமாமே. நல்லவங்கதான் போல" என்றாள் அமராவதி.

"நல்லவங்க இல்லக்கா. நான் சந்தேகத்துக்கு நீலம் போடுவேன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் செல்வி.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் குழாயடியில் நாற்காலி போட்டார்கள். நாச்சிமுத்து நடுவில் உட்கார்ந்தார். எதிரே கோமதியின் மாமியார் ராக்கம்மா, கழுத்தில் அம்பு, அதற்கு மேலே சங்கிலி. பக்கத்தில் பரமேஸ், அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பட்டன் மாட்டியிருந்தான். அவனுக்கு அம்பு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கோமதி சுவரோரம் நின்றாள், பிள்ளை அவள் தோளில் தூங்கியது. வந்த பேச்செல்லாம் அவள் இடது பக்கமாகவே போனது.

"கம்பெனிக்குக் கம்பெனி ஒரே ரூல்தான" என்றாள் ராக்கம்மா. "நாங்க ஒண்ணும் புதுசாக் கேக்கல. செக்கிங் என்ன சொல்லுதோ அதான். கம்பெனி ரூலுக்கு மேல எங்களுக்குத் தெரியாது."

"கம்பெனி ரூல்படியே போகலாமுங்களா?" என்று நாச்சிமுத்து சுற்றிக் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். பரமேஸும் ஆட்டினான்.

செல்வி எழுந்து அக்காவிடம் போனாள். வலது கையால் காது மடலைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினாள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, வெளியே நல்ல காது. நூல் மெலிசு, அது நிஜம். ஒருத்தன் இழுத்தான், அதுவும் நிஜம். இரண்டும் நிஜமாக இருந்தால் என்ன செய்வது என்று வெள்ளை ஷூ மேடம் சொல்லவில்லை, தனபால் சொன்னார். செல்வியின் வாயில் டிஃபெக்ட் என்ற சொல் பாதி வந்துவிட்டது, இரண்டு மாதமாக அதே சொல்லைச் சொல்லிச் சொல்லி அது தானாக வரும். அப்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. பீஸை உள்பக்கம் திருப்பாமல் இதுவரை அவள் செக்கிங் சொன்னதே இல்லை, கம்பெனியில். இங்கே ஒரு ஆளைக்கூட உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. ஆளை எப்படித் திருப்புவது? அவள் அக்காவின் வலது பக்கம் வந்து நின்றாள்.

"யக்கா, இந்தக் காது முன்னாடி கேட்டுச்சா?"

நாற்காலி போட்டதிலிருந்து யாரும் கோமதியிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவள் குழாயைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள், காய்கறிக்காரனிடம் பேசுகிற மாதிரி: "தண்ணி வாறதுக்கு முன்னாடி குழாயில காத்து வருமே, உஸ்ஸுன்னு. அதக் கேட்டு நான்தான எல்லாரையும் எழுப்புவேன்."

"ஆமா" என்றான் இசக்கி. "அவ கட்டிக்கிட்டுப் போனப்புறம் நான் ரெண்டு மாசம் தண்ணி பிடிக்கல."

"வலது காதுல கேட்டிருப்பா!" என்றாள் ராக்கம்மா.

"வலது காது தலகாணியில இருக்கும். இவ வலது பக்கமாத்தான் ஒருக்களிச்சுப் படுப்பா, சீழ்க்காத மேல வச்சு. தலகாணியில படும்னு அம்மா அப்படித்தான் பழக்குச்சு. மேல இருந்தது இந்தக் காதுதான்." செல்வி அம்பைத் தொட்டாள். "பதினோரு வீட்டையும் எழுப்புன காது இது."

ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் அந்தக் கதவு தட்டுகிற சத்தமும், "தண்ணி வருது, எந்திரிங்க" என்ற குரலும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அமராவதி தன் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேமேஜ்" என்றாள் செல்வி.

அந்தச் சொல்லை அந்தக் காம்பவுண்டில் அவள் சொல்வது அதுதான் முதல் தடவை. பரமேஸ் நாற்காலியிலிருந்து எழுந்தான். "ஏட்டி, நேத்துப் பெய்ஞ்ச மழையில மொளச்சவ நீ என்னையச் சொல்லுதியா?"

"நான் கூடையச் சொன்னேன் மச்சான். கையச் சொல்லல. நீங்களா எந்திரிச்சா நான் என்ன செய்ய?"

வேலுச்சாமி மட்டும் சிரித்தார். ராக்கம்மா மகனின் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள், அவள் விவரமானவள். "சரி, டேமேஜுன்னே இருக்கட்டும். எங்க வீட்டுப் பொருளு, நாங்களே சரிபண்ணிக்கிடுதோம். ஏ கோமதி, பையை எடு. கிளம்பு."

கோமதிக்கு வலது காதில் அது கேட்டது. அவள் பையைப் பார்த்தாள், எடுப்பதற்குக் குனியவும் செய்தாள், நான்கு வருசத்துப் பழக்கம், கிளம்பு என்றால் கிளம்புவாள்.

"அத்தை, நீங்கதான கம்பெனி ரூல் கேட்டீங்க" என்றாள் செல்வி. "டேமேஜ் பண்ணுன கையில பீஸத் திரும்பக் குடுக்கமாட்டாங்க. கையத்தான் மாத்துவாங்க. பீஸு இங்கதான் இருக்கும்."

"அப்படீங்களா?" என்றார் நாச்சிமுத்து. அவருக்குக் கம்பெனி தெரியாது, வாடகைதான் தெரியும்.

"ஆமாண்ணே" என்றான் இசக்கி. "ஒரு பீஸக் கருக்கிட்டேன், மறுநாளே என்னையத் தூக்கி வேற டேபிள்ல போட்டுட்டாங்க. அந்த பீஸத் தொடவே விடல. செவுத்துலயே எழுதி ஒட்டிருக்கு."

"அப்ப பிள்ளை எங்களுது!" என்றாள் ராக்கம்மா.

"அதெப்படி?" என்றாள் அமராவதி, இருபது வருசமாகப் பண்டல் கட்டுகிறவள். "ஒரே பண்டல்ல வெட்டுனதப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா கலர் ஷேடு மாறிடும்."

அதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள், ஷேடு மாறிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ராக்கம்மாவுக்கே இல்லை, அவளும் கம்பெனியில் டெய்லருக்குப் பீஸ் கைமடித்துக் கொடுத்தவள்தான். அவர்கள் போனார்கள். வாசலில் பரமேஸ் ஒருதடவை திரும்பி வலது கையை ஓங்கினான், சட்டைக் கை இறங்கியது, வெயிலில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. யாரும் உற்றுப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரம்.

அம்பு அதனாலெல்லாம் உதிர்ந்துவிடவில்லை. காது கேட்டுவிடவும் இல்லை. ஆனால் காம்பவுண்டின் நிம்மதி அன்றோடு போனது. மறுநாளே வரிசை கட்டினார்கள், தங்களுடையதை மறுபடி பார்க்கச் சொல்லி. இப்போது செல்வி ஒவ்வொருவரையும் கேட்டாள், எப்போதிலிருந்து, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று. உதட்டுத் தையல்காரி தனியாக வந்தாள், டேமேஜ் என்றதும் செல்வியின் காலடியில் உட்கார்ந்து, "தெரியும், தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழாயடியில் குடம் பறந்தது, அண்ணன் தம்பி பேச்சை விட்டார்கள், ஒருத்தி மாமியார் வீட்டு வாசலில் போய் நின்று மூன்று மணி நேரம் கத்தினாள். நாச்சிமுத்து வந்து, "அம்மிணி, பழையபடி நீலத்துலயே போட்டுக்கலாமுங்களா?" என்று கெஞ்சினார். "முடியாதுங்க" என்றாள்.

கடைசியாக அம்மா வந்தாள். ஒரு கையில் தண்ணி வாளி, இன்னொரு கை இடுப்பில்.

"என்னதயும் ஒருதடவ பாரு."

"எப்பருந்து வலிக்கி?"

"உன்னையப் பெத்ததுல இருந்து."

செல்வி அம்மாவின் இடுப்பைப் பார்த்தாள். அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, வரவில்லை. கடைசியாகத் தொட்டது உன்ற கைதானே என்று தனபால் சொன்னது வந்தது. "டேமேஜ்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. செல்வி வாளியை வாங்கக் கை நீட்டினாள். "ரூல்படி உன் கையில குடுக்கக் கூடாதுல்ல?" என்று அம்மா அவளையே பார்த்தாள், பிறகு வாளியைக் கொடுத்துவிட்டாள்.

உள்ளே கோமதி, வீட்டுக்குக் கொண்டுவந்த பனியன் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள், யாழினி நூல் துணுக்குகளை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டது. செல்வி வாளியை இறக்கிவிட்டு அக்காவின் முன்னால் முதுகு காட்டிக் குந்திச் சடையைத் தூக்கிக் காட்டினாள். "யக்கா, எனக்கு எங்கயாச்சும் இருக்கா பாரு. பின்னாடி."

"கழுத்துல இருக்கே" என்றாள் கோமதி, கத்திரியை நிறுத்தாமல். "வந்த அன்னிக்கே பாத்தேன். நீ செக்கிங், உனக்குத் தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்."

"எதக் காட்டுது?"

கோமதி எட்டி ஒரு விரலை அவள் பின்கழுத்தில் வைத்தாள், அங்கிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து வலது கைக்கு மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து விட்டாள். ஸ்டிக்கர் ஒட்டுகிற கை.

செல்வி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையை மடியில் மல்லாக்கப் போட்டு வைத்துக்கொண்டாள்.

"டிஃபெக்ட்டாக்கா, டேமேஜா?"

கோமதி பிசிர் வெட்டிக்கொண்டே இருந்தாள். செல்வி உட்கார்ந்திருந்தது இடது பக்கம். எழுந்து வலது பக்கம் போய் மறுபடி கேட்கலாம். கேட்கவில்லை. குவியலிலிருந்து ஒரு பீஸை எடுத்து, உள்பக்கம் திருப்பினாள்.